கையெழுத்துப் போடாத மூன்றாவது ஆள்

1907 டிசம்பர் 23 அன்று அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோர், அதாவது தகவல் தொடர்புப் படைப்பிரிவு, ஒரு கொள்முதல் ஆவணத்தை வெளியிட்டது. எண் 486. வேண்டிய பொருள், காற்றைவிடக் கனமான பறக்கும் இயந்திரம் ஒன்று. ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக்கில் முதன்முதலாகப் பறந்து அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அப்படி ஓர் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆவணம் சில பக்கங்கள்தான். கேட்டது எல்லாம் தெளிவாக இருந்தது. இரண்டு பேரைச் சுமக்க வேண்டும். இருவர் எடையும் சேர்த்து 350 பவுண்டு. 125 மைல் போகும் அளவுக்கு எரிபொருள் கொள்ள வேண்டும். மணிக்கு 40 மைல் வேகம். ஒரு மணி நேரமாவது இறங்காமல் பறக்க வேண்டும். பிரித்து ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், போன இடத்தில் சுமார் ஒரு மணி நேரத்தில் மறுபடி பூட்டிவிட முடிய வேண்டும். இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. புத்திசாலியான ஒரு மனிதன் நியாயமான கால அளவுக்குள் ஓட்டித் தேர்ச்சி பெறும்படி, அதன் அமைப்பும் இயக்கமும் எளிமையாக இருக்க வேண்டும்.

ஒரு பொருள் எவ்வளவு வேலை செய்யும் என்பதைத் தாண்டி, அதை ஒரு சாதாரண ஆளால் பயன்படுத்த முடியுமா என்று ஒப்பந்தத்தில் கேட்ட பழைய உதாரணங்களில் இது ஒன்று. பயன்படுதன்மை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வாக்கியத்தை மரியாதையோடு எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, அதே ஆவணத்தில் வேகத்தைப் பற்றி எழுதியிருக்கும் விதம்.

வேகத்துக்கு ஒரு விலைப்பட்டியலே போட்டிருந்தார்கள். 40 மைலுக்கு முழு விலை. ஒவ்வொரு மைல் கூடினாலும் 10 சதவீதம் கூட, குறைந்தால் 10 சதவீதம் குறைவு. 36 மைலுக்குக் கீழே போனால் இயந்திரமே வேண்டாம். ரைட் சகோதரர்கள் 25,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 1909 ஜூலை 30 அன்று ஃபோர்ட் மயரில் நடந்த இறுதிச் சோதனையில் சராசரி வேகம் 42.583 மைல். இரண்டு முழு மைல் கூடுதல். 30,000 டாலர் கிடைத்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த அரை மைலுக்குச் சல்லிக்காசு கிடையாது. ஒப்பந்தம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

எளிமைக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. 'புத்திசாலி' யார்? 'நியாயமான காலம்' எத்தனை நாள்? 'தேர்ச்சி' என்றால் தனியாக ஒரு சுற்று சுற்றி வருவதா, காற்றடிக்கும் நாளில் பத்திரமாக இறங்குவதா? சொல்லவில்லை. ஆனால் அதை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். இரண்டு பேருக்கு இயந்திரத்தைக் கையாளச் சொல்லித் தருவதும் விலைக்குள் அடக்கம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது என்று இன்னோர் இடத்தில் எழுதிவைத்தார்கள். தெளிவில்லாத ஆசைக்கு அது கொஞ்சம் பல் கொடுத்தது. எளிதில் பழக முடியாத இயந்திரம் என்றால், பழக்கிவிடும் செலவு விற்றவன் தலையில்தான் விழும்.

அந்த அக்டோபரில் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் வில்பர் ரைட், லாம், ஹம்ஃப்ரீஸ் என்ற இரண்டு அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்குச் சுமார் மூன்று மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு இருவரும் தனியாகப் பறந்தார்கள். நிபந்தனை நிறைவேறியது. சில நாட்கள் கழித்து, நவம்பர் 5 அன்று, இருவரும் சேர்ந்து பறந்தபோது தாழ்வாகத் திரும்பி இயந்திரத்தைத் தரையில் மோதிச் சேதப்படுத்தினார்கள். ஆளுக்கு அடியில்லை. ஆனால் 'தேர்ச்சி' என்ற சொல்லுக்கு அர்த்தம் எழுதாமல் விட்டதன் விலை என்ன என்று அந்த நவம்பர் காட்டிவிட்டது.

அதன் பிறகு அந்த இயந்திரம் ஃபூலுவா என்ற அதிகாரியோடு டெக்சஸுக்குப் போனது. அவர் முழுப்பயிற்சி முடிக்காதவர். ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டுக் கேட்டுத்தான் பழகினார். உலகத்தின் முதல் ஹெல்ப் டெஸ்க் அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படாமல் இருக்க ஒரு தோல்வார், சறுக்குக் கட்டைகளுக்குப் பதில் சக்கரங்கள் என்று அவர் காலத்தில் வந்த மாற்றங்கள் எதுவும் 486-ஆம் ஆவணத்தில் கேட்கப்பட்டவை அல்ல. ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அவை வேண்டும் என்று தெரிந்தது.

*

நான் வேலை பார்க்கும் துறையில், இணையதளம் கட்டித்தரக் கேட்டு வரும் ஆவணங்களைப் படிப்பதும் வேலையில் ஒரு பகுதி. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும்: தளம் யூசர் ஃப்ரெண்ட்லியாக, எளிமையாக, யாரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். பக்கம் எத்தனை விநாடியில் திறக்க வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்க வேண்டும், வருடத்தில் எத்தனை மணி நேரம் படுத்துக்கொள்ளலாம் என்பதற்கெல்லாம் எண் இருக்கும், அபராதம் இருக்கும். இந்த வரிக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. யாராவது கேட்டால், "அது எல்லா டெண்டர்லயும் வர்ற லைன்தான். 'கம்ப்ளைடு'ன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க" என்பார்கள்.

பிரச்சினை தளத்தை ஒப்படைக்கும்போது வரும். வாங்குகிறவர் "ஜனங்களுக்குக் கஷ்டமா இருக்கே" என்பார். கட்டியவர் "ட்ரெயினிங் குடுத்தா பழகிடும் சார்" என்பார். இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கலாம். தீர்த்துவைக்க ஆவணத்தைப் புரட்டினால், அதில் இருப்பது ஒரு பெயரடை. கடைசியில் யாருக்குக் குரல் உயர்ந்திருக்கிறதோ அவர் பக்கம் முடியும். அந்த அறையில் இல்லாத ஒருவர், தளத்தை நாளைக்குத் திறக்கப்போகிறவர், அந்த முடிவோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இரண்டு பேர்தான். பயன்படுத்துகிறவர் மூன்றாவது ஆள். 1907-இல் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. வாங்கியதும் ராணுவம், ஓட்டியதும் ராணுவம். அரசுத் தளங்களிலும் வங்கித் தளங்களிலும் வாங்குகிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு. மூன்றாவது ஆளை ஒப்பந்தத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்ற முயற்சிக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

*

இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய விமானிகள், இறங்கிய பிறகு இறக்கைத் தட்டுகளை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிற்றில் உட்கார்ந்தது. அறிக்கைகளில் 'விமானியின் பிழை' என்று எழுதப்பட்டது. 1943-இல் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானிகளை விட்டுவிட்டு விமானி அறையைப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில். சக்கர விசையின் நுனியில் சின்னதாக ஒரு சக்கர வடிவமும், தட்டு விசையில் ஆப்பு வடிவமும் பொருத்தச் சொன்னார். கையால் தடவினாலே எது எது என்று தெரியும். இன்றைக்கும் அமெரிக்கப் பயணிகள் விமான விதிகளில் அந்தக் கைப்பிடிகளின் வடிவம் கட்டாயம். 1947-இல் ஃபிட்ஸும் ஜோன்ஸும், 'விமானியின் பிழை' என்று சொல்லப்பட்ட 460 அனுபவங்களை ஆராய்ந்து, பிழையின் பெரும்பகுதி கருவியின் வடிவமைப்போடு கட்டுண்டது என்று காட்டினார்கள்.

இந்த அறிவு 1968-இல் மில்-ஸ்டாண்டர்ட்-1472 என்ற ராணுவத் தரமாக வந்தது. பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எவ்வளவு விசையில் அமுங்க வேண்டும், எழுத்து எந்த உயரம் என்றெல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்தத்தில் இந்த எண்ணைப் போட்டுவிட்டால் போதும்; அளவுகோலை எடுத்து அளந்து பார்க்கலாம், சண்டையே வராது. அதன் எல்லையும் அங்கேதான். எல்லாப் பொத்தானும் சரியான அளவில் இருந்தும், எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று தெரியாமல் ஒருவர் முழிக்கலாம். திரையும் மென்பொருளும் வந்தபோது அதுதான் நடந்தது.

1980-களில் டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐபிஎம் போன்ற நிறுவனங்களில் வேலை செய்தவர்கள் பொத்தானை அளப்பதை விட்டு ஆளை அளக்க ஆரம்பித்தார்கள். ஜான் வைட்சைட், ஜான் பென்னட், காரன் ஹோல்ட்ஸ்பிளாட் மூவரும் 1988-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஓர் அட்டவணை விவரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு வரிசை. எப்படி அளப்பது, இப்போது எந்த நிலை, பொறுத்துக்கொள்ளக்கூடிய மோசமான நிலை, திட்டமிட்ட நிலை, அதிகபட்சம் எட்டக்கூடிய நிலை என்று கட்டங்கள். எனக்கு இது 486-ஆம் ஆவணத்தின் வேகப் பட்டியலை நினைவுபடுத்துகிறது. 36-க்குக் கீழே வேண்டாம், 40 போதும், 44 கிடைத்தால் சந்தோஷம். அதே கணக்கை, கற்றுக்கொள்வதற்கும் தவறு செய்யாமல் இருப்பதற்கும் போட்டுப் பார்த்தார்கள்.

1998-இல் ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேசத் தரம் பயன்படுதன்மைக்கு வரையறை தந்தது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட இலக்குகளை எவ்வளவு முழுமையாக, எவ்வளவு சிக்கனமாக, எவ்வளவு திருப்தியோடு அடைகிறார்கள் என்பதுதான் அது. வரையறையில் 'குறிப்பிட்ட' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள். பொதுவாக 'எளிமையான தளம்' என்று ஒன்று கிடையாது. யாருக்கு, எதற்கு, எங்கே என்று சொன்னால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் வரும். 'புத்திசாலி மனிதன்' யார் என்று ஒப்பந்தம் எழுதுகிறவரைக் கேட்க வைத்தது இந்த வரையறை.

அதே சமயத்தில், 1997-இலிருந்து, அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட், மென்பொருள் விற்பவர்களையும் போயிங் போன்ற பெரிய வாங்குபவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. வாங்குபவர்களின் குறை எளிமையானது. விலையையும் அம்சங்களையும் ஒப்பிட முடிகிறது, எங்கள் ஊழியர்கள் பயன்படுத்தத் திணறுவார்களா என்பதை ஒப்பிட வழியில்லை. அந்தச் செலவு பயிற்சியாகவும் ஹெல்ப் டெஸ்க் அழைப்பாகவும் பிறகு எங்கள் தலையில் விழுகிறது. விளைவாக, சோதனை முடிவுகளை எழுத ஒரு பொது வடிவம் வந்தது. யாரை உட்கார வைத்தீர்கள், என்ன வேலை கொடுத்தீர்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தவறு, திருப்தி எப்படி. 2001-இல் அமெரிக்கத் தரமாகி, 2006-இல் ஐஎஸ்ஓ 25062 ஆனது. 2007-இல் நிஸ்ட் அடுத்த படி ஏறியது. தேவையை எழுதும்போதே மூன்று பகுதி எழுதுங்கள் என்றது: பயன்பாட்டுச் சூழல், எட்ட வேண்டிய அளவுகள், சோதிக்கும் முறை. ஒப்பந்தத்தில் பயன்படுதன்மையை எழுதுவது எப்படி என்ற கேள்விக்கு ஏறக்குறைய முழுமையான பதில் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

கிடைத்தும், இணைய ஒப்பந்தங்களில் இது பரவவில்லை. நான் பார்த்தவரை காரணம் தொழில்நுட்பம் அல்ல. இப்படி எழுதினால் இருவருக்கும் பொறுப்பு கூடுகிறது. விற்பவருக்குத் தோற்கும் அபாயம். வாங்குபவருக்கோ, தன் பயனர் யார் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயம். இரண்டாவதுதான் அதிகக் கசப்பானது.

*

ஒப்பந்தம் மூன்றாவது ஆளை மறந்தால், சில சமயம் அவர் தானாகவே கதவைத் தட்டுவார். 1999-இல் புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர், சிட்னி ஒலிம்பிக் தளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். படங்களுக்கு மாற்று உரை இல்லை. அவருடைய பிரெய்ல் திரையில் அங்கே ஒன்றும் வராது. போட்டி முடிவுகளின் அட்டவணைகளுக்கும் போக வழியில்லை. தளத்தைக் கட்டியது ஐபிஎம். இப்போது மாற்றுவதென்றால் தாங்க முடியாத செலவும் உழைப்பும் ஆகும் என்று ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழு வாதாடியது. ஆணையம் ஏற்கவில்லை. 2000 ஆகஸ்ட் 24 அன்று, போட்டி தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யும்படி உத்தரவிட்டது. முழுதாகச் செய்யப்படவில்லை. நவம்பரில் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. விளையாட்டுகள் அதற்குள் முடிந்துவிட்டிருந்தன.

கட்டும்போது ஒரு வரியாக இருந்திருக்க வேண்டியது, கட்டி முடித்த பிறகு வழக்காக வந்தது. 2001 ஜூனில் அமெரிக்காவில் 508-ஆம் பிரிவின் தரங்கள் நடைமுறைக்கு வந்து, மத்திய அரசு வாங்கும் மின்னணுப் பொருட்களும் தளங்களும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று கொள்முதலுக்குள்ளேயே நுழைந்தது, இந்த வரிசையை மாற்றத்தான்.

இருந்தும் 2013 அக்டோபர் 1 வந்தது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் திறந்த முதல் நாளில் விண்ணப்பத்தைக் கடைசி வரை முடித்தவர்கள் ஆறு பேர். முக்கியப் பகுதிக்கான பணி ஆணை 5.6 கோடி டாலரில் தொடங்கி 2014 பிப்ரவரிக்குள் 20.9 கோடியைத் தாண்டியிருந்தது. முழுத் தளத்தையும் ஒருமுனையிலிருந்து மறுமுனை வரை சோதித்தது திறப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் என்று ஒப்பந்ததாரர்களே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன்பே கணக்குத் தொடங்க வேண்டும் என்ற முடிவு கடைசி நேரத்தில் எடுக்கப்பட்டது. கடைக்குள் எட்டிப் பார்க்கவே ஆதார் கேட்டது மாதிரி. கூட்டம் மொத்தமும் அந்த ஒரு வாசலில் நெரிந்தது. ஒப்பந்ததாரர்கள் தங்கள் பங்கு சரியாக இருந்தது என்றார்கள். அந்தப் பங்குகளைத் தாண்டி ஒரு குடிமகன் மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது யாருடைய பொறுப்பு என்பதற்குத்தான் பதில் இல்லை.

அதற்குப் பிறகு அமெரிக்க அரசுக்குள் உருவான 18எஃப் என்ற குழு, ஒப்பந்தம் எழுதும் முறையையே மாற்றிப் பார்த்தது. முழுத் தேவையையும் முன்கூட்டியே எழுதுவதை விட்டுவிட்டு, தரத்தைக் கண்காணிக்க ஒரு சிறிய அட்டவணையை ஒப்பந்தத்தோடு இணைத்தார்கள். குறியீடு சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பவற்றோடு, பயனர்களை வைத்துச் சோதிப்பதும் அதில் ஒரு வரிசை. தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் செய்தால் போதாது; சீரான இடைவெளியில் செய்ய வேண்டும், எப்படிச் சரிபார்ப்போம் என்பது பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். 1988 அட்டவணை முடிவை அளந்தது; இது வழக்கத்தை அளந்தது. ஃபூலுவா ஓட்டிப் பார்த்துத்தான் சக்கரம் வேண்டும் என்று கண்டுகொண்டார் என்பதை ஒப்பந்தம் முதன்முறையாக ஒப்புக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றியது. அந்தக் குழு 2025 மார்ச்சில் கலைக்கப்பட்டுவிட்டது. வார்ப்புரு மட்டும் இருக்கிறது.

*

இந்தியாவில் அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுதல்களை தேசியத் தகவல் மையம் 2009-இல் வகுத்தது. இப்போது மூன்றாம் பதிப்பு. நல்ல ஆவணம். ஆனால் வழிகாட்டுதல் வேறு, நிபந்தனை வேறு. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவைத்தது இந்த வேறுபாட்டில்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டாயத் தரங்களைக் கோருகிறது, விதிகளோ பரிந்துரைகளின் தொகுப்பாக இருக்கின்றன என்று சொல்லி, கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது.

அடுத்து 2025 ஏப்ரல் 30-ஆம் தேதித் தீர்ப்பு. வங்கிக்கோ சிம் அட்டைக்கோ இணையவழி கேஒய்சி செய்யும்போது, கேமரா முன் கண் சிமிட்டச் சொல்வார்கள். முன்னால் இருப்பது புகைப்படம் அல்ல, உயிருள்ள ஆள் என்று உறுதிசெய்ய. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்களால் சிமிட்ட முடியாது. அவர்கள் உயிரோடு இருப்பதை மென்பொருள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், இணையச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிமிட்டாமலும் சரிபார்க்கும் வழிகள் வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

சிமிட்டச் சொல்லும் நிரலை எழுதியவர்களிடம் வஞ்சனை இருந்திருக்காது. மோசடியைத் தடுப்பதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பயனர் யார் என்ற கட்டத்தில் 'ஆள்' என்று மட்டும் இருந்தால், எழுதுகிறவர் மனதில் தன்னைப் போன்ற ஒருவர்தான் வருவார்.

மின்கட்டணத் தளம் ஒன்றுக்கு இந்த வரியை வேறு மாதிரி எழுதிப் பார்க்கலாம். "இத்தளத்தை முன்பு பார்த்திராத 20 பேர். அனைவரும் கைபேசியில் மட்டும் இணையம் பயன்படுத்துபவர்கள். பாதிப் பேர் தமிழ் மட்டும் படிப்பவர்கள். ஐந்து பேர் 60 வயதைக் கடந்தவர்கள். மூன்று பேர் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள். இவர்களில் 17 பேராவது, உதவியின்றி, 5 நிமிடத்துக்குள் கட்டணம் செலுத்தி ரசீதைப் பெற வேண்டும். திரைவாசிப்பான் பயன்படுத்தும் மூவரும் அந்த 17-இல் அடங்க வேண்டும். ஆட்களை வாங்குபவர் தேர்ந்தெடுப்பார். முதல் சோதனை மூன்றாம் மாதத்தில். கடைசித் தவணை இதில் தேறிய பிறகு." எண்கள் என் கற்பனை, ஒவ்வொரு வேலைக்கும் பேசித் தீர்மானிக்க வேண்டியவை.

இதற்கும் மறுப்பு இருக்கிறது. எண் வந்தால் எண்ணுக்கு வேலை செய்வார்கள். சோதனையில் இருக்கும் ஒரு வேலையை மட்டும் மெருகேற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுவார்கள். உண்மைதான். ரைட் சகோதரர்களும் அந்த அரை மைலை வீணாக்கியவர்கள்தானே என்று யாராவது கேட்கலாம். சோதிக்கும் வேலைகளைக் கடைசி வரை முழுதாகச் சொல்லாமல் வைத்திருக்கலாம், இடையிடையே மாற்றலாம். அளவே வேண்டாம் என்பதற்கு அது காரணம் ஆகாது. பக்கம் திறக்கும் வேகத்துக்கும் இதே வாதம் பொருந்தும். அதற்கு யாரும் எண்ணை எடுத்துவிடச் சொல்வதில்லை.

இன்னொன்று, செலவு. 20 பேரை உட்கார வைப்பதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். பெரிய திட்டங்களில் அதைவிட அதிக நேரம் கம்ப்ளையன்ஸ் ஷீட் நிரப்புவதில் போகிறது.

கடினமான பகுதி அந்த 20 பேர் யார் என்று எழுதுவது. அந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தால்தான், நம் வாடிக்கையாளர்களில் கண் சிமிட்ட முடியாதவர் இருக்கிறாரா என்று யாராவது ஒருவர் கேட்பார். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் அது ஒரு வரியோடு தீர்ந்துவிடும்.